வாய்க்கு ஒன்று, கைக்கு ஒன்று

பயிற்சி அறை நாற்காலிகளுக்கு மெத்தை போட்டிருந்தார்கள். ருக்குமணிக்கு அதுவே ஒத்துக்கொள்ளவில்லை. இருபத்திரண்டு வருஷம் நின்றே வேலை பார்த்த காலுக்கு உட்கார்ந்திருப்பது தண்டனை. முழங்கால் தானாக ஆடியது. கையால் அழுத்திப் பிடித்தாள். விட்டதும் மறுபடி ஆடியது. அதே மேசையில் இருந்த ஹஸ்ருல், லைன் இரண்டின் ஆக்டிங் லீடர், தன் காப்பிக் கோப்பையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "காக், கெம்பா பூமி கெ?" என்றான். அக்கா, நிலநடுக்கமா என்று மலாயில் கேட்கிறான். பின்வரிசையில் சிரித்தார்கள்.

மொத்தம் பத்துப் பேர். எல்லாருமே ஆக்டிங், தற்காலிக லீடர்கள். ஆஸ்பத்திரியில் நரம்பு வழியாகச் சொட்டுச் சொட்டாக மருந்து ஏற்றும் பம்புக்குள் வைக்கிற சர்க்யூட் போர்டுகளைச் செய்யும் லைன்களுக்கு, புதிய கஸ்டமர் ஒரு நிபந்தனை போட்டிருந்தார். பாரத்தில் கையெழுத்துப் போடுகிற லீடருக்கு, தான் எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும். பாரங்கள் எல்லாம் இங்கிலீஷ். ஆகவே செவ்வாய்க்கிழமை வகுப்பு, புதன்கிழமை பரீட்சை, வெள்ளிக்கிழமை பட்டியல். பட்டியலில் பேர் வந்தால் லீடர் வேலை நிரந்தரம். நிரந்தர லீடருக்குப் பகல் ஷிப்டு மட்டும்தான். வராவிட்டால் பழையபடி நாலு நாள் பகல், நாலு நாள் ராத்திரி என்று சுற்ற வேண்டியதுதான்.

ருக்குமணிக்குச் சம்பளத்தில் பத்துக் காசு கூடாவிட்டாலும் பரவாயில்லை, பகல் வேண்டும். நாற்பத்தேழு வயது. போன வருஷம் ராத்திரி ஷிப்டு முடிந்து பஸ்ஸுக்கு நின்றவள், நின்றபடியே தூங்கி, சாலையோரக் கால்வாயில் விழுந்தாள். தாடையில் ஆறு தையல். ஆக்டிங் லீடராகிப் பகலுக்கு வந்த இந்தப் பதினோரு மாதமாகத்தான் ராத்திரியில் படுத்து ராத்திரியிலேயே தூங்குகிறாள்.

பயிற்சி கொடுத்தவள் ஷர்மினி. ஜார்ஜ்டவுன் பெண், இருபத்தாறு வயது, கம்பெனிக்கு வந்து எட்டு மாதம். வெள்ளைப் பலகையில் இரண்டு சொற்களை ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதினாள். அஷூர். என்ஷூர்.

"இந்த ரெண்டும் கேக்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஆனா வேற வேற. உங்க பாரங்கள்ல எல்லா எடத்துலயும் இந்த ரெண்டும் வரும்."

"மிஸ், இன்ஷூர்னு ஒன்னு இருக்கே?" என்றது பின்வரிசை.

"அது உன் கெரெத்தாவுக்கு லா, காருக்கு. வருஷா வருஷம் கட்டுறியே," என்றது இன்னொரு குரல்.

"அதை விடுங்க. இங்க பாருங்க. அஷூர் பண்றது ஆளை. எதிர்ல ஒரு ஆள் இருக்கணும். 'கவலைப்படாதீங்க, நான் சொல்றேன்ல'ன்னு அவருக்கு நம்பிக்கை குடுக்கிறது. என்ஷூர் பண்றது காரியத்தை. எதிர்ல யாரும் இருக்கணும்னு இல்ல. நடக்குதான்னு நீங்க நின்னு பார்க்கணும். நடக்கலன்னா நடக்க வைக்கணும்."

ருக்குமணியின் கால் ஒரு கணம் நின்றது. "அப்ப ஒன்னு வாய் வேலை, ஒன்னு கை வேலை," என்றாள்.

"கரெக்ட் ஆண்டி! அப்படியே வெச்சுக்குங்க."

"எங்க வீட்டு ஆளு சுத்தமா முதல் சொல்லுதான் மிஸ். குழாய் ஒழுகுது ஒழுகுதுன்னு ஆறு மாசமா சொல்றேன். நான் பார்த்துக்கிறேன், நான் பார்த்துக்கிறேன்."

வகுப்பு சிரித்தது. ஷர்மினியும் சிரித்தாள். பிறகு முகத்தை வகுப்பு முகமாக மாற்றிக்கொண்டு ஒன்று சொன்னாள். போன பிரிவில் பரீட்சை எழுதியவர்கள் எல்லாரும் போனைப் பார்த்து ஒரே வாக்கியத்தை மனப்பாடம் செய்து வந்து எழுதினார்களாம். எட்டுப் பேர் தாளிலும் ஒரே குடை, ஒரே மழை. எட்டுப் பேரும் ஃபெயில்.

"உங்க லைன்ல நிஜமா நடக்கிறதை எழுதுங்க. பேர் போட்டு எழுதுங்க. கதை விட்டா எனக்குத் தெரிஞ்சிடும்."

ருக்குமணி அதை மட்டும் நோட்டில் தமிழில் எழுதிக் கீழே கோடு போட்டாள்.

லைன் நாலில் பத்தொன்பது பேர். அதில் பன்னிரண்டு பேர் பஸ் ஆட்கள். நிபோங் திபாலில் ஐந்தே காலுக்குக் கம்பெனி பஸ் கிளம்பி, பைராம் தோட்டத்துச் சந்திப்பில் நாலு பேரை ஏற்றிக்கொண்டு, கடல் பாலத்தைக் கடந்து பாயான் பாருப் பக்கம் வந்து சேர ஆறு நாற்பது ஆக வேண்டும். பாலத்தில் ஒரு லாரி நின்றுவிட்டால் ஏழு. மழை பெய்தால் ஏழு ஐந்து. ஏழு பத்துக்கு லைன் ஓட வேண்டும்.

லைனுக்குள் போகும் முன் ஒவ்வொருவரும் மணிக்கட்டில் ஸ்ட்ராப் கட்டிக்கொள்ள வேண்டும். உடம்பில் தேங்கும் மின்சாரத்தைச் சுருள் வயர் வழியாக வெளியே இறக்கும் பட்டை அது. அது வேலை செய்யாவிட்டால் விரல் பட்ட இடத்தில் சிப் செத்துவிடும். உடனே செத்தால் நல்லது, டெஸ்டில் பிடிபடும். பாதி செத்ததுதான் ஆபத்து. இங்கே ஓடும், எங்கேயோ போய் நிற்கும். அதற்காக வாசலில் ஒரு பெட்டி. வயரைச் செருகி, உலோகப் பொத்தானை விரலால் அழுத்த வேண்டும். பச்சை எரிந்தால் உள்ளே போகலாம். பிறகு பக்கத்தில் தொங்கும் 'லாக்' தாளில் தன் பேருக்கு நேரே டிக் போட வேண்டும். தாளின் அடியில் லீடர் கையெழுத்து. அதை வாங்கிப் பார்ப்பது கியூஏ, தரம் பார்க்கும் பிரிவு.

இரண்டு பெட்டிகள் இருந்தன. ஒன்றில் 'ரோசாக்', அதாவது பழுது, என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டி ஏழு மாதம் ஆகிறது. மிச்சமிருந்த ஒரு பெட்டியில் நாலு லைன் ஆட்களும் வரிசை நிற்க வேண்டும். லேட்டாக ஓடிவந்தவர்கள் வரிசையில் நின்றால் வருகைப் பதிவில் புள்ளி வெட்டு விழும். ஆகவே முதலில் வருகிறவர் எல்லாருக்கும் டிக் போட்டுவிடுவார். யாரும் அதைத் தப்பு என்று நினைத்ததில்லை. பஸ்ஸில் ஒருத்திக்கு இடம் பிடித்து வைப்பதுபோல அதுவும் ஓர் உதவி. டிக் போடாதவளைத்தான் மனசு இல்லாதவள் என்பார்கள். ருக்குமணி லீடரானதும் அந்த உதவி இயல்பாகவே அவள் கைக்கு வந்து சேர்ந்தது. பேனாவை எடுத்தால் மேலிருந்து கீழே ஒரே இழுப்பில் பத்தொன்பது டிக்.

புதன்கிழமை பரீட்சைத் தாளில் ஏழாவது கேள்வி: இரண்டு சொற்களின் வேறுபாடு தெரியும்படி உங்கள் வேலையிலிருந்து எழுதுக.

ருக்குமணிக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாம் லைன் இங்கிலீஷ். போர்டு, டிரே, ரிஜெக்ட், ரீவொர்க். அந்தச் சொற்களைக் கோத்தால்தான் அவளுக்கு வாக்கியம் வரும். குடையும் மழையும் வராது. பேனாவைக் கடித்தாள். எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். பிறகு ஒரே மூச்சில் எழுதினாள். தமிழில் சொன்னால் அது இப்படி இருக்கும்:

'நான் லைன் நாலு லீடர். தினமும் காலையில் எல்லாரும் ஸ்ட்ராப் டெஸ்ட் செய்தார்கள் என்று கியூஏவை நான் அஷூர் செய்கிறேன். ஆனால் நான் என்ஷூர் செய்வதில்லை. பஸ் லேட்டானால் சுஹானாவும் மற்றவர்களும் டெஸ்ட் செய்யாமல் உள்ளே போவார்கள். அவர்களுக்கு டிக் போடுவது நான்.'

திரும்பப் படித்துப் பார்த்தாள். யாரையும் கேட்காமல், எதையும் பார்க்காமல் அவள் எழுதிய முதல் இங்கிலீஷ் அதுதான். நாலு வாக்கியத்திலும் தப்பு இல்லை என்று அவளுக்கே தெரிந்தது. தாளைக் கொடுத்துவிட்டு லைனுக்குப் போனவளுக்கு அன்று முழுதும் கால் வலிக்கவில்லை.

சாயங்காலம் பஸ்ஸில் சுஹானா வழக்கம்போல் ஜன்னல் ஓரத்தில் இடம் பிடித்து வைத்திருந்தாள். முப்பத்து நாலு வயது. நிபோங் திபால்காரி. ஏஜெண்ட் மூலமாக வந்தவள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை காண்ட்ராக்ட் புதுப்பிக்க வேண்டும்.

"எப்படி எழுதின?"

"எழுதியாச்சு. உன் பேரக்கூடப் போட்டிருக்கேன்."

"என் பேரா? எதுக்கு?"

ருக்குமணி சொன்னாள். சொல்லச் சொல்ல சுஹானா தலைத்துணியின் ஓரத்தை விரலில் சுற்றிக்கொண்டே வந்தாள். பாலத்தில் பஸ் ஏறியதும் கேட்டாள், "அக்கா, அந்தப் பேப்பர் எங்க போகும்?"

"திருத்துவாங்க."

"திருத்திட்டு?"

அதற்கு முன் ருக்குமணி அதை யோசித்ததே இல்லை.

"நான் டெஸ்ட் பண்றதில்லன்னு இங்கிலீஷ்ல எழுதிக் கையெழுத்தும் போட்டுக் குடுத்திருக்க. அடுத்த மாசம் எனக்கு காண்ட்ராக்ட்டு. உனக்கு வேற பேரே கெடைக்கலையா? ரமணி இல்ல? உன் பக்கத்துலயேதானே நிக்கிறா?"

"கதை விட்டா ஃபெயிலுன்னாங்க புள்ள."

"அப்ப உன் பேர மட்டும் போட்டிருக்கலாம்ல," என்றாள் சுஹானா. அதற்கப்புறம் வீடு வரும்வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அன்று ருக்குமணி சரியாகத் தூங்கவில்லை. பகல் ஷிப்டு வந்ததிலிருந்து அப்படி ஆனதில்லை.

வியாழக்கிழமை பஸ் ஆறு ஐம்பத்தைந்துக்கு வந்து நின்றது. ருக்குமணி எல்லாருக்கும் முன்னால் இறங்கி ஓடினாள். டிக் போடும் தாளைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு பெட்டிக்குப் பக்கத்தில் நின்றாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. நிற்காமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

"என்னக்கா இது?"

"டெஸ்ட் பண்ணிட்டுப் போ."

"மணி ஆகுது லா!"

"பண்ணிட்டுப் போ."

வரிசை நீண்டது. ரமணி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். "நேத்து பரீட்சை எழுதினதுக்கே இந்த ஆட்டம். பாஸாயிட்டா தண்டாஸுல ஒன்னுக்குப் போகவும் உன்கிட்ட டெஸ்ட் எழுதணுமோ?"

வரிசை சிரித்தது. ருக்குமணியும் சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை. மற்ற லைன்காரர்கள் தங்கள் தாளில் சரசரவென்று டிக் போட்டுவிட்டு உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள்.

கடைசியாக சுஹானா வந்தாள். முகத்தைப் பார்க்காமல் வயரைச் செருகி விரலை வைத்தாள். சிவப்பு.

"சரியா அழுத்து."

மறுபடியும் சிவப்பு. சுஹானா கையை உடையில் துடைத்துக்கொண்டு மூன்றாம் முறை அழுத்தினாள். சிவப்பு. ருக்குமணி ஸ்ட்ராப்பை வாங்கிச் சுருள் வயரை விரலால் தடவிக்கொண்டே போனாள். பட்டையோடு சேரும் இடத்தில் உள்ளே அறுந்து, வெளித்தோல் மட்டும் பிடித்துக்கொண்டிருந்தது.

"எப்ப கடைசியா பச்சை பார்த்த?"

சுஹானா வயரின் அறுந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தாள். "பெருநாள் லீவுக்கு முன்னாடி பார்த்த ஞாபகம்."

பெருநாள் முடிந்து ஆறு வாரம் ஆகிறது. யாரும் இப்போது சிரிக்கவில்லை.

ருக்குமணி ஸ்டோரில் புது ஸ்ட்ராப் வாங்கிக் கொடுத்தாள். பச்சை எரிந்தது. தாளில் சுஹானா பேருக்கு நேரே டிக் போடவில்லை. 'ஃபெயில், 7.22, புது ஸ்ட்ராப், பழையது எப்போது அறுந்தது என்று தெரியாது' என்று இங்கிலீஷில் எழுதினாள். லைன் ஓடியபோது மணி ஏழு முப்பத்தொன்று.

தேநீர் நேரத்தில் பயிற்சி அறைக்கு ஏறிப் போனாள். ஷர்மினி அவளைக் கண்டதும் எழுந்துவிட்டாள்.

"ஆண்டி! ஏழாவது கேள்விக்கு நீங்க மட்டுந்தான் ஃபுல் மார்க். மொத்தம் பத்துக்கு ஒன்பது!"

"மிஸ், அந்தப் பேப்பர் எங்க போகும்?"

"டிரெய்னிங் ஃபைலுக்கு. ஆடிட்டர் வந்தா முதல்ல கேக்கிறதே அந்த ஃபைலைத்தான். திங்கக்கிழமை வர்றாங்க..." அதோடு நின்றுவிட்டாள். தாளை உருவி எடுத்துப் படித்தாள். முதல் முறை அவள் சொற்களைத்தான் பார்த்திருந்தாள். இப்போது அந்தச் சொற்கள் சொன்னதைப் படித்தாள். "ஐயோ ஆண்டி," என்றாள் மெதுவாக. பிறகு போனை எடுத்து சூப்பர்வைசர் தயாளனைக் கூப்பிட்டாள்.

தயாளன் ஏற்கெனவே கோபத்தில் இருந்தான். இருபத்தோரு நிமிஷம் தாமதமானதற்கு மேலே பதில் சொல்லிவிட்டு வந்திருந்தான். பைராம் தோட்டத்தில் ருக்குமணியின் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளிப் பிறந்தவன். அவளைவிட நாலு வயது சின்னவன். லைனில் அவள் அவனை சார் என்பாள். கதவு மூடியிருந்தால் அவன் அவளை அக்கா என்பான். கதவை மூடிவிட்டு வந்து தாளைப் படித்தான். நின்றபடியே இரண்டு முறை படித்தான்.

"அக்கா, உனக்கு என் மேல எதும் கோவமா?"

"உன் மேல எனக்கென்ன கோவம்?"

"பின்ன என்ன இது? இந்த பில்டிங்ல எவன் டிக் போடல? நான் ஆபரேட்டரா இருந்தப்ப நாப்பது பேருக்குப் போட்டவன். எவனாவது எழுதிக் குடுத்தானா? கஸ்டமர்கிட்ட நூத்துக்கு நூறு டெஸ்டிங்னு சொல்லியாச்சு. மீட்டிங்ல, என் வாயால."

"ஸ்ட்ராப் அறுந்திருந்துச்சு தயாளா. ஆறு வாரம்."

"தெரியும். லாக் பார்த்தேன். அதையும் எதுக்கு எழுதின? மாத்திக் குடுத்தியா, விட்டியா, முடிஞ்சுது லா."

அவன் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். குரலை இறக்கினான். "சரி. நடந்தது நடந்துபோச்சு. புது பாரம் தரச் சொல்றேன். நேத்து தேதி போடு. நான் சொல்றேன், எழுது. அந்த லாக் ஷீட்டும் புதுசா ஒன்னு. சுஹானாவுக்குப் பச்சை. அஞ்சு மணிக்கு லிஸ்ட்டு மேல போகுது. உன் பேர முதல்ல போட்டு வெச்சிருக்கேன். ராத்திரி ஷிப்டு உனக்கு ஒத்துக்காதுன்னு மேனேஜர்கிட்ட கெஞ்சி வாங்கினது இது. தெரியுமில்ல?"

தெரியும். ஆஸ்பத்திரியில் தாடையைத் தைத்தபோது வந்து நின்றவன் அவன்தான்.

ஷர்மினி கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே ஒரு வெற்றுப் பாரத்தை நீட்டினாள். ருக்குமணி உட்கார்ந்தாள். பேர் எழுதினாள். அடையாள அட்டை எண் எழுதினாள். லைன் நாலு. அடுத்தது தேதிக் கட்டம்.

"முதல்ல வாக்கியத்த எழுது, தேதி அப்புறம் போட்டுக்கலாம்," என்றான் தயாளன். "எல்லா ஆபரேட்டரும் தினமும் ஸ்ட்ராப் டெஸ்ட் செய்வதை நான் என்ஷூர் செய்கிறேன். எழுது."

பேனா தாளைத் தொட்டது. கால் ஆட ஆரம்பித்தது. எழுந்து ஜன்னல்வரை போனாள். கீழே பஸ் நிறுத்தும் இடம் வெயிலில் காலியாகக் கிடந்தது. திரும்பி வந்து உட்கார்ந்தாள். மறுபடி எழுந்தாள்.

"உக்காரு அக்கா, தலை சுத்துது எனக்கு."

ராத்திரி ஷிப்டை நினைத்தாள். மூன்று மணிக்கு வெளிச்சமே கண்ணைக் குத்தும். பகலில் வீட்டில் துணியைப் போட்டு ஜன்னலை மறைத்துக்கொண்டு படுத்தால், பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடும், காய்கறி வேன் ஹார்ன் அடிக்கும், நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டே கிடக்கும். தூக்கம் வராது, வந்தால் நிற்கிற இடத்தில் வரும். ஒரு வாக்கியம்தான். எழுதிவிட்டால் இனி சாகும்வரை பகல். சுஹானாவுக்கும் காண்ட்ராக்ட். எல்லாருக்கும் நல்லது.

அந்த ஆறு வாரத்துப் போர்டுகள் எந்த ஊரில், எந்த ஆஸ்பத்திரியில் இருக்கின்றனவோ. பாதி இன்னும் கீழே ரேக்கில்தான் இருக்கும். அந்தப் பாதியையாவது பிடிக்கலாம்.

"மிஸ், எழுதின பேப்பர நான் திரும்ப வாங்கிக்கலாமா?"

ஷர்மினி தயாளனைப் பார்த்தாள். பிறகு சொன்னாள், "லிஸ்ட் போறதுக்கு முன்னாடி வாங்கிக்கலாம் ஆண்டி. அப்படி ரூல் இருக்கு. ஆனா பரீட்சையே எழுதலன்னு ஆயிடும். அடுத்தது மூனு மாசம் கழிச்சுத்தான். அதுவும் அப்ப உங்களுக்கு எடம் இருந்தா."

"பைத்தியமா உனக்கு?" என்றான் தயாளன்.

"பேப்பர நான் எடுத்துக்கிறேன். அதுல சுஹானா பேரு இருக்கு, அது ஃபைலுக்குப் போக வேணாம். லாக் அப்படியே இருக்கட்டும்."

"லாக் இருந்தா கியூஏ வருவான். ஆறு வாரத்து போர்ட நிறுத்துவான்."

"நிறுத்தட்டும்."

"அக்கா, ஒன்னு கேக்கறேன். நீ லீடரா இருந்தா நாளையிலேர்ந்து எல்லாரையும் வரிசையா நிக்க வெச்சு டெஸ்ட் பண்ண வைக்கலாம். நான் தடுக்க மாட்டேன். நீ போயிட்டா உன் எடத்துக்கு வர்றவன் செய்வானா? சொல்லு. செய்வானா?"

அவன் கேட்டது நியாயம்தான். பேனாவைத் திறந்து மூடினாள், திறந்து மூடினாள்.

"எனக்கு அவ்வளவெல்லாம் தெரியாது தயாளா. நேத்து தேதி போட கை வரல."

அவன் எழுந்து கதவைத் திறந்தான். கதவு திறந்ததும் குரல் மாறிவிட்டது. "திங்கள்லேர்ந்து நைட். லைன் ஏழு. ஆபரேட்டர்."

"சரி சார்," என்றாள்.

வெள்ளிக்கிழமை பட்டியலில் ஒன்பது பேர். ஹஸ்ருல் இரண்டாவது. லைன் நாலுக்கு வேறொரு பெயர். அதற்குள் கியூஏ ஆட்கள் லாக்கைப் பார்த்துவிட்டு வந்து ரேக்குகளைச் சுற்றி மஞ்சள் டேப் ஒட்டியிருந்தார்கள். எல்லாப் போர்டையும் மறுபடி டெஸ்ட் செய்ய வேண்டும் என்பதால் லைன் நாலு முழுவதுக்கும் சனி, ஞாயிறு லீவு ரத்து. அறுந்த ஸ்ட்ராப்பை முறையாகப் பதிந்து மாற்றியிருந்ததால் சுஹானாவை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. மற்றவர்கள் ருக்குமணியைப் பார்த்த பார்வையில் மட்டும் பழைய ஒட்டுதல் இல்லை. ரமணிக்கு ஞாயிற்றுக்கிழமை தங்கச்சி வீட்டு நிச்சயதார்த்தம்.

"தாங்ஸுன்னு சொல்லணுமா, திட்டணுமான்னே தெரியல," என்றாள் சுஹானா கேண்டீனில். தன் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்காமலே வைத்திருந்தாள். "உன்ன யாரு இதெல்லாம் செய்யச் சொன்னா?"

"யாரும் சொல்லல."

"நைட்ல பஸ்ல யாரு பக்கத்துல உக்காருவ?"

"தூங்கிட்டே வருவேன்."

"விழுந்துடாத," என்றாள் சுஹானா. பொட்டலத்தை அவள் பக்கம் தள்ளிவிட்டு எழுந்து போனாள்.

திங்கள் சாயங்காலம் பஸ் பாலத்தில் நின்றது. ஏழு மணி ஷிப்டுக்கு ஆறு ஐம்பத்தெட்டுக்கு வந்து சேர்ந்தது. பகல் முழுக்கத் தூங்கப் பார்த்து முடியாமல் வந்திருந்தாள். கண் எரிந்தது. வாசலில் பெட்டிக்கு முன்னால் வரிசை. முன்னால் இருபது தலை. லைன் ஏழின் தாளில் தன் பேரைத் தேடினாள். கீழே, கடைசியில், புதிதாகக் கையால் எழுதிச் சேர்த்திருந்தார்கள். அதற்கு நேரே டிக் இருந்தது.

"வாங்க அக்கா! நீங்கதானே புதுசு?" பேனாவோடு நின்ற பெண்ணுக்கு இருபத்து மூன்று இருக்கும். சிரித்த முகம். "பஸ் லேட்டுன்னு சொன்னாங்க. உங்களுக்கும் சேத்துப் போட்டுட்டேன். உள்ள போங்க, நேரமாச்சு."

நல்ல பெண். அதில் சந்தேகம் இல்லை. ருக்குமணி பேனாவைக் கேட்டு வாங்கினாள். தன் டிக்கின் மேல் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் சுருக்கக் கையெழுத்து வைத்து, பேனாவைத் திருப்பிக் கொடுத்தாள்.

"என்னக்கா? நல்லது செஞ்சா இப்படியா?"

"உனக்கு ஒன்னும் இல்லம்மா. நான் இன்னும் அழுத்தல."

"ஒரு ஆளுக்காக எல்லாரும் நிக்கணுமா?" என்று உள்ளேயிருந்து ஒரு குரல். "யாரு லா அது? லைன் நாலுல லீவக் கெடுத்தாங்களே, அவங்களா?"

ருக்குமணி வரிசையின் கடைசிக்குப் போய் நின்றாள். முன்னால் இருந்தவர்கள் ஒவ்வொருவராக விலகிப் பெட்டியைத் தொடாமல் உள்ளே போனார்கள். மணி அடித்தது. அவளுக்கும் பெட்டிக்கும் நடுவில் இப்போது யாரும் இல்லை. வயரைச் செருகி, விரலை வைத்து, விளக்கு எரியக் காத்து நின்றாள்.